கோவிட்-19 பெருந்தொற்றும் அமெரிக்கப் பல் மருத்துவர்களின் தொற்றுத் தடுப்பும்

பல் மருத்துவமனைகளில் நோய்த்தொற்று பரவாமல் காக்கும் நடைமுறைகள் நெடுங்காலம் இரத்தத்தையே முதன்மையான ஆபத்தாகக் கருதின. 2020ஆம் ஆண்டின் கோவிட்-19 பெருந்தொற்று அக்கவனத்தைக் காற்றின் பக்கமும் திருப்பியது.

பின்னணி

1957இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஜான் போர்டன் அறிமுகப்படுத்திய காற்றுச் சுழலித் துளைக்கருவி நிமிடத்திற்குச் சுமார் 3 இலட்சம் முறை சுழன்றது. பல் சூடேறாதிருக்க அதனுடன் நீரும் பீய்ச்சப்பட்டது. அந்நீர் உமிழ்நீருடனும் இரத்தத்துடனும் கலந்து நுண்துளிகளாக அறையெங்கும் பரவியது. 1969இல் வெளியான ஆய்வுகள் இதை விரிவாகக் காட்டின. எனினும், கல்லீரல் அழற்சி பி, எச்.ஐ.வி. ஆகியவை பற்றிய அச்சமே விதிகளை வடிவமைத்தது. 1980களின் தொடக்கத்தில் பலர் வெறுங்கையுடனேயே சிகிச்சை அளித்தனர். 1986இல் நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையம் பல் மருத்துவத்துக்கென வெளியிட்ட பரிந்துரைகளுக்குப் பின் கையுறை பொது வழக்கமானது. முகக்கவசமும் அணியப்பட்டது. ஆனால் சாதாரண அறுவைச் சிகிச்சை முகக்கவசம் தெறிக்கும் துளிகளைத் தடுக்குமே தவிர, முகத்தோடு இறுகப் பொருந்தாததால் ஓரங்களின் வழியே காற்றை உள்ளே விடும்.

பெருந்தொற்றுக் காலம்

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார அமைப்பு பெருந்தொற்றை அறிவித்தது. ஐந்து நாள்களில், அவசரமற்ற சிகிச்சைகளை மூன்று வாரங்களுக்குத் தள்ளிவைக்குமாறு அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் பரிந்துரைத்தது. வாயில் சிகிச்சை பெறும் நோயாளி முகக்கவசம் அணிய இயலாது. அறிகுறி இல்லாதவரும் நோயைப் பரப்பக்கூடும். எனவே முன்கூட்டியே உடல்நலம் விசாரித்தல், என்95 முகக்கவசம், முகத்தடுப்பு, ரப்பர் தடுப்புத்திரை, வலுவான உறிஞ்சுகுழாய், காற்றோட்டம் ஆகியவை வலியுறுத்தப்பட்டன.

அறிதலும் செய்தலும்

2020 ஜூனில் 2,195 அமெரிக்கப் பல் மருத்துவர்களிடம் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில், கோவிட்-19 உறுதியானவர்களும் அதற்கு வாய்ப்புள்ளவர்களாகக் கருதப்பட்டவர்களும் சேர்ந்து 0.9 விழுக்காட்டினரே. கூடுதல் தடுப்பு முறைகளைக் கையாள்வதாக 99.7 விழுக்காட்டினர் கூறினர். ஆனால் பாதுகாப்புக் கவசங்களை வழிகாட்டுதலின்படி அணிந்தோர் 72.8 விழுக்காட்டினரே. கவசங்களுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. ஆகவே, இந்த இடைவெளியை விழிப்புணர்வுக் குறைவாக மட்டும் கருத இயலாது. அறிந்ததைச் செயலாக்க, தேவையான பொருள்கள் மருத்துவரின் கைக்கு எட்டுவதும் இன்றியமையாதது.