மலைப்பாதையும் நடைச்சுதந்திரமும்
ஹந்தானை முகடு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பேராதனையிற் பயில்வோருள் ஹந்தானை மலையில் ஒருமுறையேனும் ஏற விரும்பாதார் மிகச் சிலரே எனலாம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1600 அடி உயரத்தில் அமைந்த வளாகத்தினின்று புறப்பட்டு, 3800 அடியளவுக்கு உயரும் முகட்டினை அடைந்து, அதன் குன்றுகள் பலவற்றையும் கடந்து மீளுதல் ஒரு முழுநாளைக் கொள்ளும் முயற்சியாகும். பைனஸ் மரங்களிடையே தொடங்கும் வழி மானாப்புல் அடர்ந்த சரிவுகளை ஊடறுத்து மேலேறுகின்றது. முகட்டை அடைந்த பின்னரும் களைப்பு நீங்குவதில்லை. ஒரு குன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்ல மீண்டும் இறங்கி மீண்டும் ஏறவேண்டும். மழைக்காலமாயின் அட்டைகளும் வழுக்குப்பாறைகளும் இடர் விளைக்கும். 1969இல் வெளிவந்த ‘ஹந்தானே கதாவ’ என்னும் சிங்களத் திரைப்படம் பல்கலைக்கழக வாழ்வையும் இம்மலையையும் பிரிக்கவியலாதவாறு இணைத்துவிட்டது. மாணவர் நினைவில் இம்மலை இளமையின் சின்னமாகவே நிலைத்துள்ளது.

ஆயின், இம்மலைப்பகுதியில் விரும்பியவர் விரும்பியவாறு நடத்தல் என்பது அண்மைக்காலத்து உரிமையே. இங்கு நடந்தோர் யாவர், எவருடைய அனுமதியுடன் நடந்தனர் என்னும் வினாவை எழுப்பினால், கண்டி மலைநாட்டின் முந்நூற்றைம்பது ஆண்டு வரலாறு நம்முன் விரியும்.

கண்டியரசர்க்கு மலையும் காடுமே மதில்களாயின. 1638இல் மகாவலியின் மறுகரையிலுள்ள கன்னொறுவையில் இரண்டாம் இராசசிங்கனின் படைகள் போர்த்துக்கேயரை முறியடித்தமைக்கு நிலத்தின் இயல்பும் துணைநின்றது. ஆதலின் வழிகளை அகலமாக்குதலை அவ்வரசர் விரும்பினாரல்லர். கணவாய்களிலே முள்ளாலான கடவைகள் அமைக்கப்பட்டுக் காவலும் இடப்பட்டது. கடந்து செல்வோர் களிமண்ணிற் பதித்த முத்திரையை அனுமதிச்சான்றாகக் காட்டவேண்டியிருந்தது. இச்செய்திகளை நமக்கு விட்டுச்சென்றவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமியாவார்.

1660இல் கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்ட நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டியரசிலே தங்கநேர்ந்தது. அவர் வாழ்ந்த ஊர்களுள் ஒன்றான எலதெத்த பேராதனைக்கு அண்மையிலுள்ளது. தொப்பி பின்னியும் சிறுவணிகம் செய்தும் ஊரூராகச் சென்ற அவர், அவ்வணிக நடையையே வழியறியும் வாய்ப்பாக்கிக் கொண்டார். 1679இல் ஸ்டீபன் ரட்லண்ட் என்னும் தோழருடன் அநுராதபுரத்தைக் கடந்து, தமிழர் அருவியாறு என வழங்கும் மல்வத்து ஓயாவின் கரைவழியே நடந்து, மன்னார்க் கரையிலுள்ள அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். மலைநாட்டிலிருந்து அரிப்புவரை நடந்த இம்மனிதரின் வழியை நினைவிற் கொள்ளுதல் நன்று. ஒன்றரை நூற்றாண்டின் பின்னர் எதிர்த்திசையில் ஆயிரக்கணக்கானோர் நடந்தனர்.

1815இல் கண்டியரசு பிரித்தானியர் கைப்பட்டது. அரசர் ஒடுக்கமாக வைத்திருந்த வழிகளைத் தேசாதிபதி எட்வேட் பான்ஸ் பெருந்தெருக்களாக்கினார். 1820களிலே கம்பளைக்கு அண்மையிலுள்ள சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் அமைத்தார். பான்ஸ் தாமே கன்னொறுவையிற் கோப்பி பயிரிட்டார். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உறுதிப்பத்திரமற்ற காட்டுநிலங்களை அரசுடைமையெனக் கொள்ள வழிசெய்தது. தொடக்கத்தில் ஏக்கர் ஒன்று ஐந்து ஷிலிங் வீதம் அவை துரைமார்க்கு விற்கப்பட்டன. தலைமுறைகளாகச் சேனைப் பயிருக்கும் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் மலையேறிய சிங்களக் குடியானவர் தம் காட்டினை இழந்தனர். ஹந்தானைச் சரிவுகளும் கோப்பித் தோட்டங்களாயின.

அத்தோட்டங்களுக்கு வேண்டிய உழைப்பு தமிழகத்திலிருந்து வந்தது. வறட்சியும் கடனும் சாதிக்கொடுமையும் தள்ள, கங்காணியின் வாக்குறுதி ஈர்க்க, மக்கள் பாக்குநீரிணையைத் தோணிகளிற் கடந்து மன்னார், அரிப்புக் கரைகளில் இறங்கினர். அங்கிருந்து நீரற்ற காடுகளினூடே தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிவரை ஏறத்தாழ 150 மைல் நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பட்டினியும் பலரை வழியிலேயே மாய்த்தன. மாண்டோர் தொகைபற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு; ஆயினும் அவ்வழி சாவின் வழியாக இருந்தது என்பதில் ஐயமில்லை. உயிருடன் வந்தோரே மலையை வெட்டித் திருத்தினர். இன்று மலையேறுவோர் பயன்படுத்தும் தோட்டப்பாதைகளையும் அவர்களே அமைத்தனர்.

கோப்பி பருவகாலப் பயிர். ஆதலின் அறுவடை முடிந்ததும் தொழிலாளர் பலர் ஊர் மீண்டனர். 1869இற் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. 1867இல் ஹந்தானைக்கு அப்பாலுள்ள லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது; அதற்கு நிலையான குடும்பங்கள் வேண்டும். இவ்வாறு நடந்து வந்தோர் லயங்களிற் குடியமர்ந்தோராயினர். அவர்தம் நடை இப்பொழுது தோட்ட எல்லைக்குள் அடங்கியது. வேறு தோட்டத்திற்குச் செல்ல விரும்புவோர், கடன் தீர்த்தால் விடுவிக்கப்படுவர் எனத் துரை எழுதிய ‘துண்டு’ இன்றி நகரவியலாதிருந்தது. கண்டியரசின் களிமண் முத்திரைக்குப் பதிலாகக் காகிதத் துண்டு வந்ததென்பதே வேறுபாடு. 1921இலேயே துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

துண்டு ஒழிந்தபின் வேறொரு சான்றிதழ் தேவைப்பட்டது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரும் 1974இற் சமமாகப் பிரிக்கப்பட்டனர். பாட்டன் நடந்து வந்த வழியைப் பேரன் புகைவண்டியிலும் கப்பலிலும் திரும்பிக் கடந்தான். விருப்பம் எவ்வாறாயினும் செல்லவேண்டியவனாயினான்.

இக்காலத்திலேதான், 1952இல், பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஹந்தானையின் ஒருபுறத்தே நாட்டின் உயர்கல்வி நிலையம் எழுந்தது. மறுபுறத்தே நாடற்றோரின் லயங்கள் நின்றன. இலவசக் கல்வி 1945இல் வந்தும், தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியிலேயாகும். ஆகவே மலையகப் பிள்ளைகட்கு இம்முகட்டின் அப்புறத்திலிருந்து இப்புறம் வருதல் ஒருநாள் நடையாக இருக்கவில்லை. பல தலைமுறைகளின் பயணமாகவே இருந்தது. நாடற்றநிலைக்குச் சட்டமுறையில் முடிவுகாண 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று ஹந்தானை சுற்றாடற் பாதுகாப்புப் பிரதேசமாகும். 2010இல் அவ்வாறு பிரகடனம் செய்யப்பட்டது. 1925இற் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை 2001 முதல் அருங்காட்சியகமாகத் திகழ்கின்றது. பழைய தேயிலைப் பாதைகளை இணைத்து 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் ‘பீக்கோ தடம்’ அங்கிருந்தே தொடங்குகின்றது. உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வந்து, ஒருகாலத்திற் கூலிகள் எனப்பட்டோர் சுமை தூக்கிய பாதைகளில் இன்பமாக நடக்கின்றனர். அதில் தவறேதுமில்லை. அருங்காட்சியகத்தில் டெயிலரின் பெயர் சிறப்பிடம் பெறுதலும் முறையே. ஆயின் அப்பாதைகளை வெட்டியோருள் ஒருவரின் பெயரேனும் வழிகாட்டிப் பலகைகளிற் காணப்படுவதில்லை.

இக்குறையை நிறைக்கும் முயற்சியொன்று 2023இல் நிகழ்ந்தது. மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் நடந்தனர். முன்னோர் கடனுக்கும் பசிக்கும் அஞ்சி நடந்த வழியை வழித்தோன்றல்கள் தம் விருப்பத்தால் நடந்தமை, ஏடுகளில் இடம்பெறாத வரலாற்றைக் கால்களால் எழுதிய செயல் எனலாம்.

பேராதனை மாணவராகிய நமக்கும் இதில் ஒரு பணி உண்டு. தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயரும் சிங்களப் பெயரும் இருத்தல்போலத் தொழிலாளர் இட்டு வழங்கிய தமிழ்ப் பெயர்களும் உண்டு. மலைக்குன்றுகள், நீரோடைகள், குறுக்குவழிகள், பழைய லயங்கள் ஆகியவற்றுக்கும் அத்தகைய வழக்குப் பெயர்கள் முதியோர் நாவில் இன்றும் வாழ்கின்றன. ஹந்தானையில் ஏறும் ஒவ்வொரு மாணவர் குழுவும் மறுபுறத்து லயங்களுக்கும் இறங்கி, அப்பெயர்களைக் கேட்டெழுதி வருமாயின், சில ஆண்டுகளில் இம்மலைக்கு அதன் மக்கள் தந்த வரைபடம் ஒன்றை நாம் ஆக்கிவிடலாம். முதியோர் மறையுமுன் அப்பணி தொடங்கப்படுதல் வேண்டும்.