திரையில் தோன்றிய தெய்வம்

அந்நாளைய பம்பாயில் ஏசுநாதர் சரிதப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தாதாசாகேப் பால்கே, அத்திரையிலே கண்ணனையும் இராமனையும் மனக்கண்ணால் கண்டார். அக்கனவே 1913-இல் 'ராஜா ஹரிச்சந்திரா' என்னும் படமாக உருப்பெற்றது. 1917-இல் அவர் அளித்த 'லங்கா தகன்' படத்தில் இராமபிரான் தோன்றியதும் மக்கள் விழுந்து வணங்கினர்.

பெண்டிர் திரையில் நடிக்கப் பெரும்பாலும் முன்வராத காலம் அது. ஆகவே, இராமனாகவும் சீதையாகவும் நடித்தவர் அண்ணா சாளுங்கே என்னும் ஒரே ஆடவர்! அங்ஙனமாயின் வணங்கியோர் ஏமாந்தனரோ? இல்லை. தம் உள்ளத்தில் வாழ்ந்த இராமனையே அவர்கள் வெண்திரையில் கண்டனர். நிழலுக்கு உயிரளிப்பது காண்போர் நெஞ்சமே.

வணக்கம் இராமனது பண்பிற்கே உரியது; வேடம் புனைந்த நடிகருக்கு உரியதன்று. இவ்வேறுபாட்டை நாம் உணர்ந்து, கதாநாயகரைக் கடவுளாகக் கொண்டாடும் நம் சிறார்க்கும் எடுத்துரைப்போமாக!