கழித்த மரத்தின் ஓசை

மேசைக்கு ஒரு கிட்டார் வந்தால் நான் முதலில் தந்தியைத் தொடமாட்டேன். பல் மருத்துவர் வைத்திருப்பாரே, நீளக் கைப்பிடியில் சின்ன வட்டக் கண்ணாடி, அதையும் ஒரு பேனா விளக்கையும் நடுத் துளைக்குள் விட்டு உள்ளே பார்ப்பேன். கோவையில் முப்பது வருடமாகக் கிட்டார் பழுதுபார்க்கிறேன். முகப்பலகையின் அடியில் ஒட்டியிருக்கும் கட்டைகளைப் பார்த்தால் அந்தக் கிட்டார் எப்படிப் பாடும் என்று பாதி தெரிந்துவிடும். அந்தக் கட்டைகளை எங்கள் தொழிலில் பிரேஸ் என்போம்.

போன ஆடியில் ஒரு கல்லூரிப் பெண் மார்ட்டின் ஹெச்டி-28 ஒன்றைக் கொண்டுவந்தாள். மாமா அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்தது. ஈரக் காற்றில் முகப்பலகை லேசாக உப்பி, தந்திகள் உயர்ந்துவிட்டிருந்தன. நான் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: “அங்கிள், இது புதுசுதான். ஆனா பழைய காலத்து கிட்டார் மாதிரி செஞ்சதுன்னு சொல்றாங்க. பழசு மாதிரின்னா எது? கலரா, சத்தமா?”

அன்றைக்கு இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்பினேன். அவள் கேட்ட கேள்விக்கு அது போதாது. முழுப் பதிலைச் சொல்ல ஏறத்தாழ இருநூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் மார்க்நாய்கிர்ஷன் என்று ஓர் ஊர். ஊரே இசைக்கருவி செய்து பிழைத்தது. அங்கே 1796-இல் தச்சர் குடும்பத்தில் பிறந்தவர் கிறிஸ்டியன் ஃபிரெடரிக் மார்ட்டின். வியன்னாவில் யோகான் கியார்க் ஸ்டாஃபர் என்ற பெயர்பெற்ற கிட்டார் கைவினைஞரிடம் தொழில் கற்றார். ஊருக்குத் திரும்பினால் வழக்கு. கிட்டார் செய்யும் உரிமை எங்களுக்குத்தான், மேசை நாற்காலி செய்கிற தச்சர்களுக்குக் கிடையாது என்று வயலின் கைவினைஞர்களின் சங்கம் மல்லுக்கு நின்றது. 1833-இல் மார்ட்டின் நியூயார்க்குக்குக் கப்பலேறி, ஹட்சன் தெருவில் கடை போட்டார். சில வருடங்களில் அந்த நகர நெரிசலும் வேண்டாம் என்று பென்சில்வேனியாவின் நாசரேத் ஊருக்குக் குடிபெயர்ந்தார். நம் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்தைப் போல அதுவும் கிறித்தவச் சபையார் வேரூன்றிய ஊர். அங்கே மொராவியச் சபை. மார்ட்டின் குடும்பத்தின் தொழிற்சாலை இன்றும் அந்த ஊரில்தான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் கிட்டாருக்கு ஆட்டுக்குடல் நரம்பு. இழுவிசை குறைவு. 1840களில் மார்ட்டின் பட்டறையில் முகப்பலகைக்கு அடியில் இரண்டு நீளக் கட்டைகளைப் பெருக்கல் குறிபோலக் குறுக்காக ஒட்டும் முறை வந்தது. எக்ஸ் பிரேஸ் என்று உலகம் முழுக்க இன்று வழங்குவது அதுதான். நரம்பு கட்டிய கிட்டாருக்கு அந்தப் பலம் தேவைக்கு அதிகம். அதன் அருமை எண்பது வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

1920களில் இரும்புத் தந்தி வந்தது. ஆறு இரும்புத் தந்திகளையும் சுருதி சேர்த்து முறுக்கினால் மொத்த இழுவிசை எழுபத்தைந்து கிலோ அளவில் இருக்கும். ஒரு முழு ஆள் இரவும் பகலும் தொங்கிக்கொண்டிருப்பது மாதிரி. தாங்க வேண்டியது மூன்று மில்லிமீட்டர் தடிமனே உள்ள பலகை. எக்ஸ் பிரேஸ் அந்தப் பாரத்தை ஏந்தியது.

பெரிய உடம்புக் கிட்டாரும் அதற்குள் பிறந்திருந்தது. பாஸ்டனைச் சேர்ந்த ஆலிவர் டிட்சன் கம்பெனிக்காக 1916-இல் மார்ட்டின் பட்டறை இடுப்பு அகன்ற, ஆழமான ஒரு வடிவத்தைச் செய்து கொடுத்தது. 1906-இல் பிரிட்டன் மிதக்கவிட்ட ‘டிரெட்நாட்’ போர்க்கப்பலின் பெயரையே அதற்கு வைத்தார்கள். டிட்சன் வியாபாரம் கைமாறியதும் 1931-இல் மார்ட்டின் தன் பெயரிலேயே அந்த வடிவத்தை விற்கத் தொடங்கியது. மகாகனி உடம்புள்ளது டி-18 ஆயிற்று, ரோஸ்வுட் உடம்புள்ளது டி-28 ஆயிற்று.

கழுத்து நீண்ட கதை தனி. 1929-இல் அட்லாண்டாவைச் சேர்ந்த பாஞ்சோ கலைஞர் பெர்ரி பெக்டெல், மேல் ஸ்வரங்களுக்கு விரல் எட்டும் கிட்டார் வேண்டும் என்று கேட்டார். அதுவரை, கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளில் பன்னிரண்டாவதிலேயே உடம்பு தொடங்கிவிடும். தோள்பட்டையைக் குறுக்கிப் பதினான்கு ஃப்ரெட் வெளியே தெரியும்படி செய்து கொடுத்தார்கள். 1934-இல் டிரெட்நாட்டுக்கும் அந்தக் கழுத்து வந்தது. இன்று கடையில் போய்க் கிட்டார் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் அந்த 1934 உருவத்தின் பிள்ளையைத்தான்.

1934 முதல் 1944 வரைக்கும், இரண்டாம் உலகப் போர் நடந்த வருடங்களையும் சேர்த்து, நாசரேத்தில் செய்த டிரெட்நாட்டுகளைத்தான் உலகம் ‘போருக்கு முந்தைய கிட்டார்’ என்று தேடி அலைகிறது. முகப்பலகை அடிரோண்டாக் மலைப்பகுதியின் சிவப்பு ஸ்ப்ரூஸ். எடை குறைவு, விறைப்பு அதிகம். டி-28 என்றால் பின்பலகையும் பக்கமும் பிரேசில் ரோஸ்வுட். ஒட்டியது மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரப் பசை. டி-28-இன் முகத்தின் ஓரத்தில் மீன்முள்ளைப் போலச் சாய்ந்து சாய்ந்து ஓடும் கோடு, ஜெர்மனியிலிருந்து வந்தது. கண்ணுக்குத் தெரிவது இவ்வளவு.

தெரியாதது பிரேஸ். எக்ஸின் மையத்திலிருந்து கீழ்நோக்கி ஓடும் கட்டையை ஒரே உயரமாக விடாமல் உளியால் குழித்து எடுத்திருப்பார்கள். மையத்தில் உயரம், அங்கிருந்து இரண்டு கம்பத்துக்கு நடுவே தொய்ந்த கொடிக்கயிறு மாதிரி இறங்கும், மறுபடி ஒரு சின்னத் திமில்போல எழும், பிறகு ஓரத்தை நோக்கி மெலிந்து முடியும். பலகைக்குப் பலம் வேண்டிய இடத்தில் மட்டும் மரத்தை விட்டுவிட்டு மிச்சத்தைக் கழித்துவிடுவது. தந்தியை மீட்டினால், தந்திகளைத் தாங்கும் பாலம் அசையும், பாலத்தோடு முகப்பலகை முழுவதும் மூச்சுவிடுவது போல ஏறி இறங்கும். கட்டை லேசாக இருந்தால் அந்த மூச்சு ஆழமாக இருக்கும். அடித்தந்தி கும்மென்று நெஞ்சில் இறங்குவது அதனால்தான். ஒரே மைக்கைச் சுற்றி நின்று வாசித்த, புளூகிராஸ் என்னும் அமெரிக்க நாட்டுப்புற இசைக் குழுக்களில் பாஞ்சோவும் பிடிலும் கத்துகிற கத்தலுக்கு நடுவே கிட்டாரின் அடிநாதம் தெளிவாக எழுந்தது இந்தக் கழித்தலால்தான்.

கழித்தால் ஆபத்தும் உண்டு. வாசிப்பவர்கள் சத்தம் போதாமல் மேலும் தடித்த தந்தி கட்டினார்கள். முகப்பலகைகள் உப்பின, பாலங்கள் பெயர்ந்தன, பழுதுக்குத் திரும்பி வந்தன. நாசரேத்தில் உளியைப் பின்வாங்கினார்கள். 1930களின் கடைசியில் எக்ஸின் மையத்தை நடுத் துளையிலிருந்து பாலத்தை நோக்கிப் பின்னால் தள்ளினார்கள், பலம் கூடியது. 1944 முடிகிற சமயம் குழித்துச் செதுக்குவதையே நிறுத்தினார்கள். போர் முடிந்தபின் சிவப்பு ஸ்ப்ரூஸ் கிடைப்பது அரிதாகி மேற்குக் கரையின் சிட்கா ஸ்ப்ரூஸ் வந்தது. ஜெர்மனிச் சரக்கு தீர்ந்ததும் மீன்முள் கோடும் மறைந்தது. 1968-இல் பாலத்தின் அடியில் ஒட்டும் சின்ன மேப்பிள் தகட்டுக்குப் பதில் பெரிய ரோஸ்வுட் தகடு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நியாயம் இருந்தது. ஒவ்வொன்றும் கிட்டாருக்கு ஆயுளைக் கூட்டி, அதன் மூச்சைக் கொஞ்சம் குறைத்தது.

இதை முதலில் உணர்ந்தவர்கள் வாசிப்பவர்கள். கிளாரன்ஸ் வைட் என்ற கலைஞரிடம் 1935-ஆம் வருடத்து டி-28 ஒன்று இருந்தது. நடுத் துளையை யாரோ பெரிதாக்கியிருந்தார்கள். பார்க்க அடிபட்ட கருவி. ஒன்பது வயதில் அதைத் தொட்டுப் பார்த்த புளூகிராஸ் கிட்டார் கலைஞர் டோனி ரைஸ் அதை மறக்கவே இல்லை. 1973-இல் வைட் இறந்தபின் தேடிக் கண்டுபிடித்து, 1975-இல் வாங்கி, வாழ்நாள் முழுக்க அதை வாசித்தார். அந்த ஒலிப்பதிவுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் புதுக் கிட்டாரிலும் அதே நாதத்தைக் கேட்டார்கள். பழுதுபார்ப்பவர்கள் நடுத் துளைக்குள் கையை விட்டுப் புதுக் கிட்டார்களின் பிரேஸைத் தாங்களே செதுக்கினார்கள். 1976-இல் நாசரேத் இறங்கி வந்தது. குழித்த பிரேஸும் மீன்முள் கோடும் திரும்பி, ஹெச்டி-28 பிறந்தது. பெயரின் முன்னெழுத்து அந்த மீன்முள்ளைக் குறிப்பதுதான். கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ், டெக்சாஸின் காலிங்ஸ் போன்ற சின்னப் பட்டறைகளும் அதே வழியில் போய்ப் பேர் வாங்கின. பிறகு எக்ஸின் மையம் பழைய இடத்துக்கே முன்னால் நகர்ந்தது; வஜ்ஜிரப் பசை திரும்பியது; 2015 வாக்கில், காற்றுப் படாமல் மரத்தைச் சூடேற்றிப் பல வருடம் காய்ந்த பலகைபோல ஆக்கும் முறையும் மார்ட்டினில் புழக்கத்துக்கு வந்தது.

மரத்தைக் கழிப்பதில் உள்ள ஆபத்தை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த நான்காம் வருடம், சர்ச் பாடகர் குழுவின் கிட்டார் ஒன்று வந்தது. கனத்த பிரேஸ், அடைத்த சத்தம். கை வளைந்த சின்ன இழைப்புளியால் உள்ளே செதுக்கினேன். ஒவ்வொரு சுருளாக மரம் உதிர உதிர, முகப்பலகையைத் தட்டினால் ஓசை திறந்துகொண்டே வந்தது. அந்த மகிழ்ச்சியில் இன்னும் நான்கு சுருள் எடுத்துவிட்டேன். ஒரு மாதம் அந்தக் கிட்டார் ஆலயத்தையே நிறைத்தது. இரண்டாம் மாதம் துளைக்கும் பாலத்துக்கும் நடுவே பலகை உள்வாங்கிவிட்டது. புது முகப்பலகை போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அந்த நான்கு சுருளையும் ஒரு தீப்பெட்டியில் இன்னும் வைத்திருக்கிறேன். உளியை எங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் இந்தத் தொழில்.

அந்தப் பெண்ணின் கிட்டாரில் இன்னொரு விஷயம் இருந்தது. 1960களின் கடைசியில் ரோஸ்வுட்டை முழு மரமாக அனுப்புவதைப் பிரேசில் தடுத்தது. 1969-இல் டி-28-இன் உடம்பு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. 1992-இல் பிரேசில் ரோஸ்வுட்டின் பன்னாட்டு வணிகமே அடைபட்டது. இந்திய ரோஸ்வுட் என்பது வேறொன்றுமில்லை, நம் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் பிள்ளை. கண்டபடி வெட்டி அழித்தபின், அதைக் காக்கத் தமிழ்நாட்டில் 1990களில் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று.

எனக்குச் சொந்த ஊர் கூடலூர். அப்பா முப்பது வருடம் மர மில்லில் ரம்பம் ஓட்டியவர். ஈட்டி அறுக்கிற நாளில் வீட்டுக்கு வரும்போதே தெரியும். சட்டையில் கருஞ்சிவப்புத் தூள், இனிப்பான ஒரு வாசம், அடுக்குத் தும்மல். ரம்பச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. இப்போது என்னோடுதான் இருக்கிறார். மதியம் கடைக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

தந்தி உயரத்தைச் சரிசெய்து முடித்த அன்று அந்தக் கிட்டாரை அவர் மடியில் வைத்தேன். நடுத் துளையில் மூக்கை வைத்தார்.

“ஈட்டிடா” என்றார். பின்பலகையைத் திருப்பி விரல் நகத்தால் ரேகையை வருடிப் பார்த்தார். “எவ்வளவு கனம்?”

“இரண்டரை மில்லிமீட்டர் இருக்கும்ப்பா.”

“இவ்வளவு மெல்லிசாவா? நாங்க அங்குலக் கணக்குல அறுத்தோம். இதுல என்னடா நிக்கும்?”

அதற்குள் அந்தப் பெண் வந்துவிட்டாள். எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து ஜி கார்டு ஒன்றை இழுத்து மீட்டினாள். அப்பாவுக்குக் காதில் அது சரியாக விழவில்லை. எழுந்து அவள் பக்கம் போய், “கொஞ்சம் புடிச்சுக்கட்டுமாம்மா?” என்று கேட்டு, உள்ளங்கையைப் பின்பலகையில் லேசாகப் பதித்தார். அவள் மறுபடி மீட்டினாள். அடித்தந்தியின் அதிர்வு அடங்குகிற வரைக்கும் அவர் கையை எடுக்கவே இல்லை.

“நடுங்குது” என்றார் என்னிடம். “மெல்லிசா அறுத்தது இதுக்குத்தானா?”

“ஆமாப்பா” என்றேன்.