முகம் மாறும், இசை மாறாது: டாக்டர் ஹூவும் விடுபட்ட ஒரு பெயரும்

2025 மே 31. 'டாக்டர் ஹூ' தொடரில் 15ஆவது டாக்டராக நடித்த ஷூட்டி காட்வா விடைபெற்ற எபிசோட். கடைசி நொடிகளில் அவர் உடம்பு ஒளியாகச் சிதற, அதே இடத்தில் பில்லி பைப்பர் வந்து நிற்கிறார். ரசிகர்கள் பற்றிக்கொண்டார்கள்! அந்த முகத்தைவிட அவர்களை அதிகம் குழப்பியது அதற்குப் பின்னால் ஓடிய பெயர்ப்பட்டியல்தான். வழக்கமாக "இன்னாரை டாக்டராக அறிமுகப்படுத்துகிறோம்" என்று போடுவார்கள். இந்த முறை பில்லி பைப்பர் அறிமுகம் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். 'டாக்டராக' என்ற வார்த்தை இல்லை. அப்படியானால் அவர் டாக்டரா, வேறு யாராவதா? ஒரே ஒரு சொல் விடுபட்டதற்கு எத்தனை ஆராய்ச்சி!

அதே தொடரின் அதே பெயர்ப்பட்டியலில் வேறொரு விடுபடல் இருந்தது. விட்டுப்போனது ஒரு சொல் இல்லை, ஒரு ஆளின் பெயர். ஒரு எபிசோடில் இல்லை, 50 வருஷம். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

தொடர் பார்க்காதவர்களுக்காக நாலு வரி. டாக்டர் ஹூ பி.பி.சி.யின் அறிவியல் புனைகதைத் தொடர். முதல் எபிசோட் 1963 நவம்பர் 23 அன்று, கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதற்கு மறுநாள், ஒளிபரப்பானது. நாடே அந்தச் செய்தியில் மூழ்கியிருந்ததால், அடுத்த சனிக்கிழமை இரண்டாவது எபிசோடுக்கு முன்னால் முதல் எபிசோடை மறுபடியும் போட்டார்கள். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு அப்போது 27 வயது. முதல் கதையின் இயக்குநர் வாரிஸ் ஹுசைனுக்கு 24. நம்ம லக்னோவில் பிறந்தவர்! நான் சொல்லப் போகும் டீலியா டெர்பிஷயருக்கு 26. ஆக, நம்மைவிடக் கொஞ்சம் மூத்தவர்கள் சேர்ந்து ஆரம்பித்த சமாச்சாரம் இது.

முகம் மாறிய கதை

முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெல். மூன்று வருஷத்தில் அவர் உடல்நிலை மோசமானது. கதாநாயகனால் நடிக்க முடியாவிட்டால் தொடரை நிறுத்த வேண்டும், அல்லது அவரைப் போலவே ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். இவர்கள் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டாக்டர் வேற்றுக் கிரகத்துக்காரர்தானே, உடம்பு தளர்ந்தால் புது உடம்பாக மாறிக்கொள்வார்! 1966 அக்டோபர் 29 அன்று ஹார்ட்னெல் தரையில் விழுந்தார், பேட்ரிக் ட்ரவுட்டனாக எழுந்தார். இதற்கு 'ரீஜெனரேஷன்' என்ற பெயர்கூட 1974ல்தான் தொடரில் வந்தது.

அன்றிலிருந்து "அடுத்த டாக்டர் யார்?" என்பது பிரிட்டனில் ஒரு தேசியப் பொழுதுபோக்கு. வதந்திகளுக்குப் பஞ்சமே இல்லை. 1980ல் டாம் பேக்கர் விலகும்போது, அடுத்து வருவது 'அவனோ அவளோ' என்ற தொனியில் பத்திரிகையாளர்களிடம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பெண் டாக்டரா என்று ஒரே பேச்சு. வந்தது பீட்டர் டேவிசன். 2013ல் பீட்டர் கபால்டி பெயரில் பணம் குவிந்ததால், பந்தயக் கம்பெனிகள் அவர் மீது பந்தயம் வாங்குவதையே நிறுத்தின. அந்த முறை வதந்தி பலித்தது. 2017ல் கிரிஸ் மார்ஷல்தான் என்று பலரும் அடித்துச் சொன்னார்கள். ஜூலை 16 அன்று, விம்பிள்டன் ஆண்கள் இறுதியாட்டம் முடிந்த கையோடு முகமூடித் துணியை விலக்கியவர் ஜோடி விட்டேக்கர். டாம் பேக்கர் போட்ட குண்டு வெடிக்க 37 வருஷம் ஆகியிருக்கிறது :)

இப்போது ஒரு கேள்வி. கதாநாயகனின் முகமே மாறும்போது, இது அதே தொடர்தான் என்று பார்ப்பவர் எதை வைத்து நம்புவார்?

1966 நவம்பர் 5ஐ நினைத்துப் பாருங்கள். டிவியைப் போட்டால் ட்ரவுட்டன், யாரோ ஒரு அந்நியர். ஆனால் அவர் பேசுவதற்கு முன்னால், மூன்று வருஷமாகக் கேட்டுப் பழகிய அதே இசை வந்துவிட்டது. திரையில் நெளிந்த ஒளிக் கோலங்களும் மாறவில்லை. டைட்டிலில் ட்ரவுட்டன் முகம் சேர்ந்தது 1967ல்தான். முதல் வாரத்தில் "பயப்படாதே, இது நம்ம டாக்டர்தான்" என்று ஜாமீன் கையெழுத்துப் போட்டதில் அந்த இசைக்குப் பெரிய பங்கு உண்டு.

இசை செய்த கதை

மெட்டு போட்டவர் ரான் கிரெய்னர், ஆஸ்திரேலியர். அவர் எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு தாள். அதில் ஸ்வரங்களோடு 'காற்றுக் குமிழி', 'காற்று மேகம்' என்ற மாதிரி குறிப்புகள். எந்த வாத்தியத்தில் காற்றுக் குமிழியை வாசிப்பது?

அந்தத் தாள் போய்ச் சேர்ந்த இடம் பி.பி.சி. ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப். 1958ல் தொடங்கியது. நாடகங்களுக்கு விசித்திரமான சத்தங்கள் செய்து கொடுக்கும் பிரிவு. லண்டன் மெய்டா வேலில், ஒரு காலத்தில் ஸ்கேட்டிங் அரங்கமாக இருந்த கட்டடத்தில் இயங்கியது. அங்கேதான் டீலியா டெர்பிஷயர் வேலை பார்த்தார்.

கோவென்ட்ரியில் 1937ல் பிறந்தவர். போர்க்காலத்தில் கேட்ட விமானத் தாக்குதல் சைரன்தான் மின்னணு ஒலி மீதான தன் ஆர்வத்தின் ஆரம்பம் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தார். 1959ல் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டபோது, ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் பெண்களை எடுப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். 1960ல் பி.பி.சி.க்கும் 1962ல் வொர்க்‌ஷாப்புக்கும் வந்தார்.

அப்போது கடையில் வாங்கக்கூடிய சிந்தசைஸர் கிடையாது. கீபோர்டில் விரல் வைத்தால் சத்தம் வரும் காலம் இல்லை அது. டீலியா என்ன செய்தார் தெரியுமா? அந்த 'டும்-ட-ட-டும்' அடித்தளம் இருக்கிறதே, அதற்கு ஒரே ஒரு கம்பியைச் சுண்டிப் பதிவு செய்தார். அந்த டேப்பை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறும், மெதுவாக ஓட்டினால் இறங்கும். அப்படி ஒவ்வொரு ஸ்வரமாகத் தயார் செய்தார். மேலே மிதக்கும் மெட்டு, கருவிகளைச் சோதிக்க வைத்திருந்த ஆஸிலேட்டர்களிலிருந்து வந்தது. 'உஷ்' என்ற காற்றுச் சத்தம் வெறும் இரைச்சலை வடிகட்டிச் செய்தது.

அப்புறம் கத்தரி வேலை. ஸ்டுடியோ டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடும். அரை நொடி ஸ்வரம் வேண்டுமென்றால் ஏழரை அங்குலம் அளந்து வெட்டி, அடுத்த துண்டோடு ஒட்ட வேண்டும். முழு இசையும் இப்படி ஒட்டுப்போட்டதுதான். கணிதம் படித்தது வீண் போகவில்லை!

பல தடங்களை ஒரே டேப்பில் பதியும் வசதி அவர்களிடம் இல்லை. ஒவ்வொரு தடமும் தனித்தனி மெஷினில். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் கலக்க வேண்டும். ஒருமுறை எங்கேயோ ஒரு ஸ்வரம் பிசகியது. டீலியாவும் அவர் உதவியாளர் டிக் மில்ஸும் டேப்புகளை அந்த நீண்ட நடைவழியில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, ஒட்டுக்களை ஒப்பிட்டுத் தவறான துண்டைக் கண்டுபிடித்தார்கள் என்று மில்ஸ் சொல்லியிருக்கிறார்.

முடிந்த இசையைக் கேட்ட கிரெய்னர், "இதையா நான் எழுதினேன்?" என்று ஆச்சரியப்பட்டாராம். பெரும்பாலும் நீங்கள் எழுதியதுதான் என்று டீலியா பதில் சொன்னாராம். அடக்கமா குறும்பா என்று புரியாத பதில்.

பெயர் விடுபட்ட கதை

கிரெய்னர் நல்ல மனுஷன். டீலியாவின் பெயரை இணை இசையமைப்பாளராகச் சேர்க்கவும், ராயல்டியில் பாதி கொடுக்கவும் முயன்றார். பி.பி.சி. விதி இடம் கொடுக்கவில்லை. வொர்க்‌ஷாப் ஊழியர்கள் மாதச் சம்பளக்காரர்கள், தனித்தனியாகப் பெயர் போடும் வழக்கம் இல்லை. திரையில் வந்தது ரான் கிரெய்னர் பெயரும் ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப் பெயரும்தான். ராயல்டி கிரெய்னருக்கு. டீலியாவுக்குச் சம்பளம்.

டீலியா 1973ல் பி.பி.சி.யை விட்டு விலகினார். எரிவாயுக் குழாய் பதிக்கும் பணியில் ரேடியோ ஆபரேட்டர், ஆர்ட் கேலரி, புத்தகக் கடை என்று எங்கெங்கோ வேலை. 2001 ஜூலை 3 அன்று, 64 வயதில் காலமானார். அதற்குப் பின் அவர் வீட்டுப் பரணில் 267 டேப்புகள் கிடைத்தன. அவை இப்போது மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கின்றன.

இதற்கிடையில் அந்த இசையை மாற்றிப் பார்க்கவும் செய்தார்கள். 1972ல் புது சிந்தசைஸரில் ஒரு வடிவம் செய்து, பிடிக்காமல் கைவிட்டார்கள். 1980ல் பீட்டர் ஹவல் புதிதாகச் செய்தார். 1986ல் ஒன்று, 1987ல் ஒன்று. 1989ல் தொடரே நின்றது. 2005ல் திரும்பி வந்தபோது மர்ரே கோல்ட் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வைத்துச் செய்தார், ஆனால் உள்ளே டீலியாவின் 1963 ஒலிகளையும் எடுத்து வைத்துக்கொண்டார். 2018ல் செகுன் அகினோலாவும் அந்தப் பழைய ஒலிகளிடம்தான் போனார். எத்தனை சுற்றினாலும் கடைசியில் அந்த ஒட்டுப்போட்ட டேப்பிடம்தான் வந்து நிற்கிறார்கள்.

2013 நவம்பர் 23. ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு எபிசோட். 94 நாடுகளில் ஒரே நேரத்தில் ஒளிபரப்பு. அன்றுதான் தொடரின் பெயர்ப்பட்டியலில் முதன்முறையாக டீலியா டெர்பிஷயர் பெயர் வந்தது. அவர் இறந்து 12 வருஷம் கழித்து. 2017ல் கோவென்ட்ரி பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டமும் கொடுத்தது. உண்மையான டாக்டர்!

காமர்ஸ்காரன் கணக்கு

நான் காமர்ஸ் படிக்கிறவன், கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. பார்ட்னர்ஷிப் அக்கவுண்ட்ஸில் 'குட்வில்' படித்திருப்போம். பழைய பார்ட்னர் போய்ப் புதியவர் வந்தாலும் வாடிக்கையாளர் அதே கடைக்கு வருகிறாரே, அந்த நம்பிக்கையின் மதிப்பு. டாக்டர் ஹூ வருஷக் கணக்கில் பார்ட்னர் மாறிக்கொண்டே இருக்கும் கடை. அதன் குட்வில்லில் பெரும்பகுதி அந்த இசை. ஆனால் அதைச் செய்தவர் பெயர் எந்த லெட்ஜரிலும் இல்லை.

பி.பி.சி. பக்கமும் நியாயம் உண்டு என்று ஒருவர் வாதாடலாம். ஸ்டுடியோ அவர்களுடையது, மெஷின் அவர்களுடையது, தொடர் ஓடாமல் போனாலும் டீலியாவின் சம்பளம் வந்திருக்கும். ரிஸ்க் எடுத்தவனுக்குத்தான் லாபம் என்பது நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். சரி, பணத்தைப் பொறுத்தவரை அந்த வாதத்துக்கு ஒரு பதில் மதிப்பு கொடுக்கலாம். ஆனால் பெயர்? அதைப் போட என்ன செலவு? திரையில் ஒரு வரி. சம்பளம் கொடுத்தால் உழைப்பை வாங்கலாம், செய்தவரின் பெயரை அழிக்கும் உரிமையையும் சேர்த்து வாங்கியதாக ஆகுமா? நாளைக்கு நம்மில் பலர் கம்பெனிகளில் மாதச் சம்பளத்துக்குத்தான் போகப் போகிறோம். இது நமக்கும் உள்ள கேள்விதான்.

அடுத்த டாக்டர் யார் என்று வதந்தி கிளம்பிக்கொண்டேதான் இருக்கும். கிளம்பட்டும், அதில் ஒரு சுகம் இருக்கிறது. ஆனால் முகம் யாருடையதானாலும் அதற்கு முன்னால் அந்த 'டும்-ட-ட-டும்' வரும். அடுத்த முறை ஹெட்போன் மாட்டிக்கொண்டு 1963 வடிவத்தை ஒருமுறை கேளுங்கள். ஒவ்வொரு 'டும்'மும் ஒரு துண்டு டேப். ஒவ்வொரு துண்டையும் அளந்து வெட்டி ஒட்டியவர் பெயர் டீலியா டெர்பிஷயர்.