மலையாளி, அடைப்புக்குறிக்குள்

தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் 25ஆவது பெயர் மலையாளி. பெயரோடு அந்தப் பதிவு முடிவதில்லை. தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் என்று ஓர் அடைப்புக்குறியும் தொடர்கிறது. ஜவ்வாதுமலையில் ஒரு பிள்ளைக்கு எஸ்.டி. சான்றிதழ் கிடைப்பது இந்தச் சொல்லும் இந்த அடைப்புக்குறியும் சேர்ந்துதான். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர். அவர்களில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் மலையாளிகள். மாநிலத்தின் மிகப் பெரிய பழங்குடி இவர்கள்தாம். ஆனாலும் சென்னையில் ‘நான் மலையாளி’ என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் மனத்தில் எழுவது கேரளம்.

சொல்லின் கட்டுமானத்தில் சிக்கல் எதுவும் இல்லை. மலையோடு ‘ஆளி’ சேர்ந்திருக்கிறது. முதலாளி, தொழிலாளி, பங்காளி என்று ஒன்றை உடையவரை, ஒன்றோடு கட்டுண்டவரைக் குறிக்கும் விகுதி அது. நோயாளியும் அந்த வரிசையில் நிற்பதால், ஆளுகை என்ற பொருளை அதற்குள் ரொம்பவும் தேட வேண்டியதில்லை. மலையில் இருப்பவர், மலைக்கு உரியவர், அவ்வளவே. மேற்கே சேரநாட்டைச் சோழர் கல்வெட்டுகள் மலைநாடு என்றும் மலைமண்டலம் என்றும் சொல்லின. அந்த மண்ணின் மக்களுக்கும் பிற்பாடு அவர்கள் மொழிக்கும் மலையை ஒட்டியே பெயர் அமைந்தது. கிழக்கே சேர்வராயன், கொல்லி, பச்சை, கல்வராயன், ஜவ்வாது மலைகளில் இருந்தவர்களுக்கும் அதே வேரிலிருந்து அதே பெயர் வந்தது. ஒருவரிடமிருந்து மற்றவர் கடன் வாங்க வேண்டிய தேவையே இல்லை. மலை இருந்தது, தமிழ் இருந்தது, பெயர் தானாக வந்தது. ஜவ்வாதுமலை மலையாளிகள் பேசுவது தமிழ்தான், அதுவும் கீழே இருப்பவர்கள் மறந்துவிட்ட சில உச்சரிப்புகளோடு.

மலையில் புழங்கும் பெயர்களோ வேறு. ஊர்த் தொகுதியை நாடு என்கிறார்கள். திருப்பத்தூர்ப் பக்கத்துப் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு எல்லாம் இன்று ஊராட்சிகளின் பெயராகவே நிலைத்துவிட்டன. சமவெளிக்குப் போவது ‘கீழே போறது’. மனிதர் பெயருக்குப் பின்னால் வரும் பட்டம் கவுண்டர். இந்தப் பட்டம் பிற்பாடு பெரிய தலைவலியாகப் போகிறது.

இவர்கள் யார் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் கேட்டபோது மலைக்காரர்கள் ஒரு கதை சொன்னார்கள். வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் பதிவாகி, 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதி நூலிலும் இடம்பெற்ற கதை அது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். வேளாளர் ஏளனமாக மறுத்தார்கள். வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிச் சென்றார்கள். மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டார்கள். நாய்கள் மட்டும் தனியே திரும்பி வந்தால் நாங்கள் செத்துவிட்டோம் என்று வைத்துக் கருமாதி செய்துவிடுங்கள் என்று மனைவியரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். மனிதர்கள் எப்படியோ கரையேறினார்கள், நாய்கள் பாதியில் திரும்பிவிட்டன. வேடர்களைக் கொன்று ஊர் திரும்பியவர்களுக்கு, தங்கள் கருமாதியே முடிந்திருந்தது. செத்தவர்களுக்குச் சாதியில் இடமில்லை. வேடர் பெண்களை மணந்து ஜவ்வாதுமலை ஏறினார்கள், கொல்லை உழுதார்கள், மலையாளிகள் ஆனார்கள்.

சேர்வராயன், பச்சை, கொல்லி மலைகளில் கதை மாறுகிறது. அங்கே பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என மூன்று சகோதரர்கள். ஆனால் புறப்பட்ட இடம் அங்கேயும் காஞ்சிபுரம்தான்.

வரலாற்றுச் சான்றாக இதை எடுத்துக்கொள்ள மாட்டேன். ஏழு பெண்கள், ஏழு ஆண்கள், ஏழு நாய்கள் என்று எண்ணிக்கை இவ்வளவு ஒழுங்காக வந்தாலே அது கதைசொல்லியின் கைவேலை. ஆனால் கதை என்ன வாதாடுகிறது என்று பார்க்க வேண்டும். நாங்கள் காட்டில் முளைத்தவர்கள் அல்லர், உழுகுடி, ஒரு விபத்தால் மேலே வந்தோம் என்கிறது. சாதிப் படிநிலையில் வேடருக்கும் வேளாளருக்கும் நடுவே தங்களுக்கு ஓர் இடம் கேட்கும் மனு இது. அந்தக் காலத்துச் சமவெளிக்கு அது தேவைப்பட்டது.

அடுத்த அரை நூற்றாண்டில் கேள்வி தலைகீழானது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 342ஆம் உறுப்பு, எந்தச் சமூகம் பழங்குடி என்று குடியரசுத் தலைவர் ஆணையால் அறிவிப்பார், அதன்பின் சேர்க்கவும் நீக்கவும் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம் என்றது. பட்டியலைச் சீராக்க 1965இல் அமர்ந்த லோக்கூர் குழு ஐந்து அளவுகோல்களை வைத்தது: ஆதிநிலைக் கூறுகள், தனித்த பண்பாடு, ஒதுங்கிய வாழ்விடம், வெளியாரோடு கலக்கத் தயக்கம், பின்தங்கிய நிலை. இவற்றோடு அந்த ஏழு நாய்க் கதையை வைத்துப் பாருங்கள். காஞ்சிபுரத்து உழவர் என்ற பெருமை ஒவ்வொரு அளவுகோலுக்கும் எதிர்ச்சாட்சி. தாத்தா மானம் காக்கச் சொன்ன கதை பேரனின் சான்றிதழுக்கு எதிராக மேசையில் கிடக்கலாம்.

பழங்குடி என்ற சொல்லுக்கும் இப்படி ஒரு தலைகீழ்ப் பயணம் உண்டு. திருக்குறளின் குடிமை அதிகாரத்தில் அது வருகிறது. கையில் பொருள் சுருங்கினாலும் பண்பில் குறையாத தொன்மையான குடும்பத்தைத்தான் வள்ளுவர் அப்படிச் சொன்னார். அன்று அந்தச் சொல்லுக்குரியவர்கள் ஊர் மெச்சும் பெருங்குடிகள். ஆட்சி ஆங்கிலத்தில் ‘ட்ரைப்’ என்று எழுதியதற்குத் தமிழ் தேடியபோது அந்த மரியாதைச் சொல்லே அகப்பட்டது. நல்ல தேர்வு என்றே நினைக்கிறேன். ‘மலைஜாதி’ என்று முன்பு புழங்கியதைவிட எவ்வளவோ மேல்.

இனி அடைப்புக்குறி. 1976இல் வந்த பட்டியல் திருத்தச் சட்டத்தின் பெரிய நோக்கமே இடக்கட்டுப்பாடுகளை நீக்குவதுதான். அதுவரை ஒரு மாவட்டத்தில் பழங்குடியாக இருந்தவர் பக்கத்து மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தால் பழங்குடி இல்லை. அந்த அபத்தத்தைச் சட்டம் பெரும்பாலும் துடைத்தது. ஆனாலும் சில பெயர்களுக்குக் கட்டுப்பாடு நின்றது. குறும்பருக்கு நீலகிரி, மலையாளிக்கு மேற்சொன்ன ஆறு மாவட்டங்கள். காரணம் பெயரிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். கட்டுப்பாடு இல்லாவிட்டால் சென்னையிலோ கோவையிலோ குடியேறிய கேரளத்துக் குடும்பம் எதுவும் ‘நானும் மலையாளி’ என்று விண்ணப்பம் போடலாம். ஒரே வேர் இரண்டு இடத்தில் முளைத்ததற்கு அரசு போட்ட வேலி அது. புதுக்கோட்டை எப்படி உள்ளே வந்தது என்பதும் யோசிக்கத் தக்கது. கொல்லிமலை போல ஒரு மலை அங்கே இல்லை. 1974இல் திருச்சியின் ஒரு பகுதியைப் பிரித்துச் சேர்த்து உருவான மாவட்டம் என்பதால், தாய் மாவட்டத்தின் உரிமை கூடவே வந்தது போலும்.

மாவட்டங்கள் அதற்குப் பின்னும் பிரிந்துகொண்டே இருக்கின்றன. வட ஆற்காடு 1989இல் இரண்டானது. 2019இல் வேலூரிலிருந்து திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் பிரிந்தன. இப்போது ஒரே ஜவ்வாதுமலை மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது: ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலையில், பீஞ்சமந்தை வேலூரில், புதூர்நாடு திருப்பத்தூரில். வரைபடத்தில் இல்லாத வட ஆற்காடுதான் மூன்றுக்கும் இன்னும் செல்லுபடியாகும் முகவரி.

இந்த முகவரியைத் தாளில் கொண்டுவருவது கோட்டாட்சியர் அலுவலகத்தின் வேலை. முன்பு தாசில்தார் கொடுத்ததை 1989 முதல் பழங்குடியினருக்குக் கோட்டாட்சியரே கொடுக்கிறார். சந்தேகம் வந்தால் விசாரணை, மானுடவியலாளர் அறிக்கை, மாநிலக் கூர்நோக்குக் குழு. மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994இல் வகுத்த நடைமுறை இதற்கு அடிப்படை. சந்தேகம் காரணமில்லாமல் வரவில்லை. கொண்டாரெட்டி, காட்டுநாயக்கன் பெயர்களில் பொய்ச் சான்றிதழ் பெற்றதாக எத்தனையோ வழக்குகள் நடந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கீடு 1 விழுக்காடுதான். அதையும் வெளியார் தின்றால் மலைக்கு என்ன மிஞ்சும்? ஆனால் பொய்யரைப் பிடிக்க விரித்த வலையில் மாட்டிக்கொள்வது பத்திரத்தில் ‘கவுண்டர்’ என்று எழுதிய மெய்யரும்தான். பத்திர எழுத்தர் பழக்கத்தில் எழுதியிருப்பார், பள்ளிப் பதிவேட்டில் வாத்தியார் மரியாதைக்கு எழுதியிருப்பார். கீழ்நாட்டில் கவுண்டர் என்றால் வேறு சாதி, வேறு பட்டியல்.

பட்டியலில் உள்ள பெயரோடு ஒட்டிய பெயர் அதுவே ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2000இல் மிலிந்த் வழக்கில் சொன்னது. மகாராஷ்டிரத்துப் பட்டியலில் ஹல்பா உண்டு. ஹல்பா-கோஷ்டி அதற்குள் அடங்குமா என்பது கேள்வி. பட்டியலை உள்ளபடியே படி, விசாரித்து விரிக்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை என்றார்கள். மலையாளி என்று இருந்தால் மலையாளிதான், மலையாளிக் கவுண்டர் ஆகாது. அந்தப் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது. நரிக்குறவர், குருவிக்காரர் பெயர்களும் அதே ஒப்புதலில் இருந்தன. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தமிழ்நாட்டுத் திருத்தத்தில் நரிக்குறவரும் குருவிக்காரரும் 37ஆவது பதிவாக உள்ளே வந்தார்கள். மலையாளிக் கவுண்டர் வரவில்லை.

அடைப்புக்குறியின் கடுமை முழுதும் தெரிய ஈரோடு மாவட்டம் பர்கூர் மலைக்குப் போக வேண்டும். அங்கேயும் மலையாளிகள் இருக்கிறார்கள், மொழி, பட்டம், வாழ்க்கை எல்லாம் அப்படியே. சேலம் மாவட்டத்துப் பாலமலையில் இருக்கும் சொந்தக்காரர் பழங்குடி, பர்கூர்க்காரர் இல்லை. ஈரோடு 1979இல் பிரிந்தது கோவையிலிருந்து, கோவை அந்த ஆறில் இல்லை. ஜவ்வாதுமலைக்கு வட ஆற்காடு தந்ததைப் பர்கூருக்குக் கோவை தரவில்லை. மலை எந்த ஜில்லாவின் கையில் சிக்கியது என்பதே சாதியை முடிவு செய்துவிட்டது.

ஈரோடு என்ற ஒரு சொல்லை அந்த அடைப்புக்குறிக்குள் சேர்க்க, மாநில அரசின் பரிந்துரை, இந்தியத் தலைமைப் பதிவாளரின் இசைவு, தேசியப் பழங்குடியினர் ஆணையத்தின் இசைவு, மத்திய அமைச்சரவை, இரு அவைகள், குடியரசுத் தலைவர் ஒப்புதல் அத்தனையும் வரிசையாக வேண்டும். பர்கூர் மலைக்காரர்கள் இதற்காக மனுக்களோடு பல ஆண்டுகளாக அலைந்துகொண்டிருக்கிறார்கள்.