மூன்று முதியவர்கள்: பாலு மகேந்திராவின் திரையில் குணச்சித்திர நடிப்பு

தமிழ்த் திரை வரலாற்றில் குணச்சித்திர நடிகர் என்றதும் டி. எஸ். பாலையா, எஸ். வி. ரங்காராவ், எஸ். வி. சகஸ்ரநாமம் ஆகிய பெயர்கள் நினைவுக்கு வரும். இவர்களின் ஆற்றல் ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் கதை இவர்களுக்கென்று ஒதுக்கிய இடம் பெரும்பாலும் ஒன்றே: நாயகனின் தந்தை, நாயகியின் மாமன், ஊர்ப் பெரியவர். கதையின் பாரத்தை இவர்கள் தாங்கினாலும் கதை இவர்களுடையதாக இருந்ததில்லை. இந்த வழக்கத்தை அடியோடு மாற்றியவர் பாலு மகேந்திரா என்பதே இக்கட்டுரையின் வாதம். ‘வீடு’ (1988), ‘சந்தியா ராகம்’ (1989), ‘தலைமுறைகள்’ (2013) ஆகிய மூன்று படங்களையும் ஒரே முயற்சியின் மூன்று கட்டங்களாகப் படித்தால் இது விளங்கும். முதல் இரண்டிலும் முதியவராக நடித்தவர் சொக்கலிங்க பாகவதர். மூன்றாவதில் அந்த இடத்தில் நிற்பவர் இயக்குநரே.

அமிர்தகழியும் ஒளியும்

பாலு மகேந்திரா என்று அறியப்பட்ட பாலநாதன் மகேந்திரன் 1939இல் மட்டக்களப்பு நகரை ஒட்டிய அமிர்தகழியில் பிறந்தார். வாவிக்கரையில் அமைந்த இவ்வூர் மாமாங்கேஸ்வரர் கோயிலாலும் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தாலும் அறியப்படுவது. மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் படித்தார். டேவிட் லீன் ‘குவாய் நதிப் பாலம்’ படத்தை இலங்கையின் கித்துள்கலவில் எடுத்துக்கொண்டிருந்தபோது பள்ளி மாணவனாக அந்தப் படப்பிடிப்பைப் பார்த்ததும், இயக்குநர் ‘மழை’ என்றவுடன் மழை பொழிந்த வியப்பும்தான் தம்மைத் திரைத்துறைக்கு இழுத்தன என்று அவர் பலமுறை கூறியிருக்கிறார். பின்னர் புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று 1969இல் தங்கப் பதக்கத்துடன் வெளிவந்தார். ராமு காரியத்தின் ‘நெல்லு’ (1974) ஒளிப்பதிவாளராக அவரை நிலைநிறுத்தியது. தாமே இயக்கிய கன்னடப் படமான ‘கோகிலா’ (1977) ஒளிப்பதிவுக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது.

மட்டக்களப்பில் பிறந்த கலைஞர் என்பதால் அவருடைய நடிப்பு நோக்கைக் கூத்தோடு இணைத்துப் பேசும் ஆசை எழலாம். வடமோடி, தென்மோடி என்னும் கூத்து மரபுகள் வாழும் நிலம் அது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் முன்னெடுத்த கூத்து மீட்டெடுப்பில் 1965இல் அரங்கேறிய ‘இராவணேசன்’ வழியாகக் கூத்துக் கலைஞர் சி. மௌனகுரு எழுந்ததும் இம்மண்ணிலிருந்துதான். ஆயினும் இந்த இணைப்புக்குப் படங்களில் சான்றில்லை. கூத்தின் வட்டக்களரியில் ஆடுபவர் சுற்றிலும் அமர்ந்திருக்கும் ஊர் முழுவதும் காணும்படி உடலையும் குரலையும் விரிக்கிறார். பாலு மகேந்திராவின் நடிகர் அருகிலிருக்கும் கேமரா ஒன்றுக்கு மட்டும் தெரியும்படி உடலை ஒடுக்குகிறார். பிறந்த மண் அவருக்குத் தந்தது நடிப்பு முறையை அன்று, கதைப் பொருளை. தாய் ஊரில் வீடு கட்டிய நாள்களில் அவரிடம் கண்ட மாற்றமே ‘வீடு’ படத்துக்கு வித்து என்று அவர் சொல்லியிருப்பது இதற்குப் போதிய சான்று.

பாகவதரின் உடல்

சொக்கலிங்க பாகவதர் நாடக மேடையில் வளர்ந்த கலைஞர். பாட்டும் வசனமும் கடைசி வரிசைவரை எட்ட வேண்டும் என்பதே அந்த மேடையின் முதல் விதி. அத்தகைய ஒருவரை முதுமையில் அழைத்துவந்து, குரலை உயர்த்த வேண்டாத பாத்திரத்தை பாலு மகேந்திரா கொடுத்தார். ‘வீடு’ படத்தின் முருகேசன், வாடகை வீட்டைக் காலிசெய்ய நேர்ந்து சொந்த வீடு கட்டத் துணியும் பேத்தி சுதாவின் தாத்தா. கட்டி முடியாத வீட்டைத் தனியே பார்க்கப் போகும் காட்சியில் அவருக்கு வசனம் இல்லை. சுவரைத் தடவுகிறார், அறை அறையாக நடக்கிறார், முகம் மலர்கிறது. பின்னணியில் இளையராஜாவின் இசை மட்டும். வீடு முழுமை பெறும் முன்பே அவர் இறந்துபோகிறார்.

இக்காட்சி சாத்தியமானதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ஏராளமான விளக்குகளை நிறுத்தி ஒளியமைக்கும் முறையில், நடிகர் குறித்த இடத்தில் நின்று குறித்த பக்கம் திரும்பியாக வேண்டும். கிடைக்கும் இயற்கை ஒளியையே அடிப்படையாகக் கொண்ட பாலு மகேந்திராவின் முறையில் நடிகருக்கு அந்தக் கட்டு தளர்கிறது. ஒப்பனையைத் தவிர்ப்பதால் தோலின் சுருக்கமும் கண்ணின் ஈரமும் நடிப்பின் பகுதியாகின்றன. ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் இயக்குநரின் கையிலேயே இருந்ததால், மெதுவாக நடக்கும் முதியவருக்காகக் காட்சி காத்திருக்க முடிந்தது. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதைத் தந்ததும், கட்டடத் தொழிலாளி மங்கம்மாவாக வந்த ‘பசி’ சத்யாவை மறக்க முடியாதவராக்கியதும் இதே முறைதான்.

‘சந்தியா ராகம்’ அடுத்த படி. மனைவியை இழந்து ஊரிலிருந்து சென்னைக்கு உறவினர் வீட்டை நாடி வரும் முதியவரே இங்கே கதையின் மையம். குறைந்த வருவாயில் தத்தளிக்கும் குடும்பத்தில் தாம் பாரமாகிறோம் என்றுணர்ந்து முதியோர் இல்லம் செல்கிறார். இதில் கொடியவர் எவருமில்லை. அந்த வீட்டுத் தம்பதியரான ஓவியர் வீர சந்தானத்தின் வாசுவும் அர்ச்சனாவின் துளசியும் நல்லவர்களே. வறுமையும் இடநெருக்கடியும் செய்வதை முதியவரின் முகம் ஒன்றே நமக்குச் சொல்கிறது. குடும்ப நலம் பற்றிய சிறந்த படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. பாட்டனார் பாத்திரம் கதையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்துவிட்டதை இப்படம் உறுதிசெய்தது.

சின்னத்திரையில் ஓர் இடைவழி

சன் தொலைக்காட்சிக்காக அவர் எடுத்த ‘கதை நேரம்’ தொடரை இந்த வரிசையிலிருந்து விலக்க முடியாது. தமிழ்ச் சிறுகதைகள் 52, தனித்தனிக் குறும்படங்களாயின. ஒரே பாத்திரத்தை ஆண்டுக்கணக்கில் இழுக்கும் நெடுந்தொடரில் நடிகருக்குப் பாத்திரம் பழக்கமாகிவிடுகிறது. சிறுகதையிலோ அரை மணிக்குள் ஒரு மனிதர் முழுமையாகத் தோன்றி மறைய வேண்டும். நடிகை மௌனிகா போன்றவர்கள் கதைக்குக் கதை வேறு ஆளாக மாற வேண்டியிருந்தது. குணச்சித்திர நடிப்புக்கு இதைவிடக் கடினமான பயிற்சிக்களம் தமிழ்த் தொலைக்காட்சியில் அமைந்ததில்லை.

இயக்குநரே நடிகராக

எம். சசிகுமார் தயாரித்த ‘தலைமுறைகள்’ படத்தில் சுப்பு என்னும் கிராமத்து முதியவராக பாலு மகேந்திராவே நடித்தார். மகன் கிறிஸ்தவப் பெண்ணை மணந்ததால் உறவை அறுத்துக்கொண்டவர் சுப்பு. தமிழ் அறியாத நகரத்துப் பேரன் வந்து சேரும்போது அவர் இளகுகிறார். பேரனுக்குத் தமிழும் ஆறும் வயலும் அவர் வழியாக அறிமுகமாகின்றன.

முதிய இயக்குநரின் தன்னுணர்ச்சிப் படம் என்று இதை ஒதுக்கும் கருத்து உண்டு. அது ஏற்கத்தக்கதன்று. தம்மைக் காட்டிக்கொள்ள விரும்பும் இயக்குநர் குற்றமற்ற பெரியவரைத் தேர்ந்திருப்பார். சுப்புவோ சாதி, மதப் பிடிவாதத்தால் மகனை இழந்தவர். முருகேசனிடமும் சந்தியா ராகத்தின் முதியவரிடமும் இல்லாத பழி இவரிடம் இருக்கிறது. முதல் இரு முதியவர்கள் இடமிழந்தவர்கள், மூன்றாமவர் பிறருக்கு இடம் மறுத்தவர். அந்தப் பழியைச் சுமக்கத் தம் உடலையே அவர் தந்தார். பொது இடங்களில் அவரோடு ஒன்றிப்போன தொப்பியும் படத்தில் இல்லை. பாகவதரிடம் கேட்டுப் பெற்ற அடக்கத்தைத் தாமும் கடைப்பிடித்துக் காட்டினார்.

மற்றொரு வாசிப்பு, மொழி இழந்த பேரனைப் புலம்பெயர்ந்த ஈழத் தலைமுறையின் குறியீடாகக் கொள்வது. ஈழத்தைப் பற்றி அவர் கதைப்படம் எடுக்கவில்லை என்ற குறை அவர்மேல் நெடுநாள் சுமத்தப்பட்டது. அக்குறைக்கு இப்படத்தை விடையாக்குவது மிகைவாசிப்பு. கதை தமிழ்நாட்டு மண்ணில் வேரூன்றியது. ஆயினும் ஊரைப் பிரிந்து வாழ்ந்த ஒருவரே மொழியைக் கைமாற்றும் பாட்டனாக நடிக்கிறார் என்ற செய்தி, பார்ப்பவர் நெஞ்சில் பாத்திரத்தின் கனத்தைக் கூட்டுகிறது. அந்த அளவோடு நிற்பதே நேர்மை. தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருது பெற்ற இப்படமே அவருடைய கடைசிப் படம். 2014 பிப்ரவரி 13 அன்று சென்னையில் காலமானார்.

முடிவு

நடிகராக பாலு மகேந்திராவின் வாழ்வு இந்த ஒரு பாத்திரத்தைச் சார்ந்தது. ஆனால் கால் நூற்றாண்டாக அவர் நடத்திய ஆய்வின் நிறைவுப் பகுதி அது. குணச்சித்திர நடிகர் கதைக்குத் துணை என்பதை மறுத்து, கதையே அவர்தாம் என்று நிறுவியவை இம்மூன்று படங்கள். தமிழ் நடிப்பின் வரலாற்றை எழுதுவோர் சொக்கலிங்க பாகவதருக்குத் தனி இயல் ஒதுக்க வேண்டும்.

அதற்குப் படங்கள் மிஞ்சியிருக்க வேண்டும். ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ இரண்டின் மூலப் படச்சுருள்களும் அழிந்துவிட்டன என்று வாழ்நாளிலேயே வருந்தி, தமிழ்ப் படங்களுக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று கேட்டவர் அவர். எஞ்சிய பிரதிகளைத் தேடி மீட்டெடுப்பது தமிழக அரசின் கடமை. அப்பிரதிகளுள் ஒரு தொகுதியாவது மட்டக்களப்பின் கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கு வந்து சேர வேண்டும். அமிர்தகழிக்கு அண்மையில் நடிப்புப் பயிலும் மாணவர்கள் தங்கள் ஊரவரின் படங்களை நல்ல பிரதியில் பார்க்கும் உரிமை உடையவர்கள்.