கலங்கலும் கருவியும்: கடல்நீரின் தெளிவை அளந்த வரலாறு

நீரின் நிலையைச் சொல்லத் 'தெளிவு', 'கலங்கல்' என்னும் இரு சொற்கள் நமக்குப் போதும். கடலை அளக்கப் புகுந்த அறிவியலுக்கு அவை போதவில்லை. 'கலங்கல்' என்னும் ஒரே சொல்லுக்குள் இரு வேறு நிகழ்வுகள் அடங்கியிருந்தன. அவற்றைப் பிரித்தறிய மேற்கொண்ட முயற்சியே கடலொளியியல் கருவிகளின் வரலாறு எனலாம்.

1865ஆம் ஆண்டில் இத்தாலிய வானியலாளர் ஆஞ்செலோ செக்கி, போப்பாண்டவரின் கப்பலிலிருந்து வட்டுகளைக் கடலுக்குள் இறக்கி ஆராய்ந்தார். வெண்ணிற வட்டு கண்ணுக்கு மறையும் ஆழமே தெளிவின் அளவாயிற்று. இம்முறை எளியது, இன்றும் வழக்கில் உள்ளது. ஆயினும் அதற்கு இரு குறைகள் இருந்தன. கதிரவனின் உயரமும் நோக்குபவரின் கண்ணும் அளவை மாற்றின. வட்டு மறைந்த காரணத்தையும் அது கூறவில்லை.

அக்காரணங்களுள் ஒன்றை விளக்கியவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன். 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்புகையில், அவர் கடலை நிக்கோல் பட்டகத்தின் வழியே நோக்கினார். நீர்ப்பரப்பு எதிரொளித்த வானொளியைப் பட்டகம் விலக்கிய பின்னும் நீலம் மறையவில்லை. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று அவர் நிறுவினார்.

நீரில் ஒளி குறைவது சிதறலால் மட்டுமன்று, உட்கவர்தலாலும் ஆகும். மிதவை நுண்ணுயிர்களின் பச்சையம் நீல, சிவப்பு ஒளிகளை உட்கவர்கிறது. சேற்றுத் துகளோ பெரும்பாலும் ஒளியைச் சிதறடிக்கிறது. 1961இல் ருடால்ஃப் பிரைசென்டார்ஃபர், நீருக்கே உரிய ஒளிப்பண்புகளையும் கதிரவன் நிலையைச் சார்ந்து மாறுவனவற்றையும் வேறு பிரித்துப் பெயரிட்டார்.

நீருக்கே உரிய பண்பை அளக்க, கருவி தன் விளக்கைத் தானே கொண்டு செல்ல வேண்டும். விளக்கையும் ஒளியுணரியையும் எதிரெதிரே வைத்தால், இடைப்பட்ட நீரில் கதிர் இழந்த ஒளி முழுவதும் தெரியும். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தால், பின்னோக்கிச் சிதறிய ஒளி மட்டும் தெரியும். சுவர் ஒளியை எதிரொளிக்கும் குழாய்க்குள் நீரைச் செலுத்தினால், சிதறிய ஒளியின் பெரும்பகுதி உணரியை அடையும். எஞ்சும் இழப்பு பெரும்பாலும் உட்கவர்தலே. இவ்வாறு கருவியின் வடிவமே இரு நிகழ்வுகளையும் பிரித்துக் காட்டுகிறது. கண்ணாடியில் படியும் பாசியும் சிப்பியும் அளவைப் பிழையாக்குமாதலால், துடைப்பானும் செப்பு மூடியும் பின்னர்ச் சேர்க்கப்பட்டன.

பவளப்பாறை அருகே 'கலங்கல் மிகுந்தது' என்று மட்டும் ஓர் அறிக்கை கூறினால், பாசி பெருகியதா, சேறு கரைந்ததா என்று அறிய இயலாது. முன்னதற்குக் கழிவுநீரையும் பின்னதற்குக் கரைப்பணியையும் ஆராய வேண்டியிருக்கும். எனவே, மாணவர்கள் ஓர் அளவை ஏற்குமுன் அது எதன் அளவு என்று வினவுதல் நன்று. சொல் பிரியாத இடத்தில் எண் மட்டும் தெளிவு தராது.